அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் கதிரியக்கத் தனிமம் உண்டா? 'ஃபிரான்சியம்' என்ற விடை சரியா?

முல்லைக்கொடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் இருக்கும் வினாத் தொகுப்பில் ஒரு கேள்வி: 'அறை வெப்பநிலையில் திரவ நிலையில் உள்ள கதிரியக்கத் தனிமம் எது?' கொடுத்திருக்கும் நான்கு விடைகள் யுரேனியம், ரேடான், ஃபிரான்சியம், பாதரசம். விடைப் பக்கத்தில் ஃபிரான்சியம் என்று போட்டிருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் தம்பியின் வழிகாட்டியில் 'கதிரியக்கத் தனிமங்களில் ரேடான் மட்டுமே வாயு, மற்றவை அனைத்தும் திண்மம்' என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றாகச் சரியாக இருக்க முடியாதே. இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். கதிர்வீச்சு வெளியிடுவதற்கும் ஒரு பொருள் திண்மமாகவோ வாயுவாகவோ இருப்பதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?


பழைய வாத்தியார் எழுதியது:

அம்மா முல்லை, உன் சந்தேகம் நியாயமானது. மேல்நிலை வகுப்புகளுக்கு முப்பத்திரண்டு வருடம் வேதியியல் எடுத்தவன் நான். இந்தக் கேள்வி என் வகுப்பிலும் பலமுறை வந்திருக்கிறது.

முதலில் 'அறை வெப்பநிலை' என்பதைப் பார்ப்போம். புத்தகம் எழுதுகிறவர்கள் அதை 25 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்கிறார்கள். வேலூரில் மே மாத மதியம் எங்கள் ஆய்வகத்தில் அந்த எண்ணைப் பார்க்கவே முடியாது. ஒருமுறை மாணவர்களுக்குக் காட்டுவதற்காக ஐந்து கிராம் காலியம் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். ஜனவரியில் பார்த்தபோது சின்ன வெள்ளிக்கட்டி. விடுமுறை முடிந்து ஜூனில் இழுப்பறையைத் திறந்தால், சீசாவுக்குள் தளதளவென்று பாதரசம் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. காலியத்தின் உருகுநிலை 29.76 டிகிரி, சீசியத்துக்கு 28.5 டிகிரி. அறை என்பது எந்த ஊர் அறை என்பதைப் பொறுத்து இவற்றின் நிலை மாறும். 25 டிகிரியை ஒப்புக்கொண்டால் திரவத் தனிமங்கள் பாதரசமும் புரோமினும் மட்டும்தான். இயற்கையில் கிடைக்கும் பாதரசமும் புரோமினும் கதிரியக்கம் உள்ளவை அல்ல. ஆகவே உன் நான்காவது விடை போய்விட்டது.

இனி ஃபிரான்சியம். 1939-ல் பாரிஸில் மார்கெரித் பெரே என்ற பெண் விஞ்ஞானி கண்டுபிடித்தது. உருகுநிலை 27 டிகிரி என்று பழைய அட்டவணைகளில் இருக்கும். அதை யாரும் உருக்கிப் பார்த்து எழுதவில்லை. லித்தியம் 180, சோடியம் 98, பொட்டாசியம் 63, ரூபிடியம் 39, சீசியம் 28 என்று அந்தக் குடும்பத்தில் உருகுநிலை இறங்கிக்கொண்டே வருகிறது அல்லவா? அந்தக் கோட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினால் கிடைப்பதுதான் 27. பிற்பாடு வேறு முறையில் மதிப்பிட்டவர்கள் 8 டிகிரி என்கிறார்கள்.

இப்போது நீயே பார். 27 டிகிரி சரி என்றால் 25 டிகிரியில் ஃபிரான்சியம் திண்மம். 8 டிகிரி சரி என்றால் திரவம். அளந்து பார்க்காத ஒரு எண்ணை வைத்து 'திரவம்' என்று அடித்துச் சொல்வது வேதியியலுக்குச் செய்யும் நியாயம் இல்லை.


அணுப்பித்தன் எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஃபிரான்சியத்தை ஏன் யாரும் உருக்கிப் பார்க்கவில்லை என்றால், உருக்குவதற்கு ஒரு துளிகூட யாரிடமும் இருந்ததில்லை. அதன் ஐசோடோப்புகளில் (ஒரே தனிமத்தின், எடை மட்டும் மாறுபடும் அணு வகைகளில்) அதிக நாள் தங்குவது ஃபிரான்சியம்-223. அதன் அரை ஆயுளே 22 நிமிடம். அமெரிக்காவின் ஸ்டோனி புரூக்கில் லேசர் ஒளியாலும் காந்தப் புலத்தாலும் பிடித்து நிறுத்திய ஃபிரான்சியம் அணுக்கள் ஏறத்தாழ மூன்று லட்சம். கேட்பதற்கு நிறையத் தெரியும். ஒரு உப்புத் துகளில் கோடி கோடிக்கணக்கில் அணுக்கள் இருக்கின்றன. அதன் முன் மூன்று லட்சம் ஒன்றுமே இல்லை.

சரி, ஒரு கிராம் ஃபிரான்சியம்-223 கையில் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அதில் 2.7 கோடி கோடி கோடி அணுக்கள் இருக்கும். 22 நிமிடத்துக்குள் பாதி சிதைய வேண்டும். அப்போது வெளிவரும் ஆற்றலைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பல பத்து கிலோவாட் வருகிறது. நம் வீட்டு இண்டக்ஷன் அடுப்பு இரண்டு கிலோவாட். அப்படிப் பல பத்து அடுப்புகளின் சூடு ஒரே கிராமுக்குள்ளிருந்து வந்தால் அது திண்மமாகவும் இருக்காது, திரவமாகவும் இருக்காது. கண நேரத்தில் ஆவி.

முல்லை அக்கா கேட்ட இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. கதிரியக்கம் அணுக்கருவின் காரியம். திண்மமா, திரவமா, வாயுவா என்பது வெளியில் இருக்கும் எலக்ட்ரான்கள் பக்கத்து அணுவோடு எப்படிக் கைகோத்துக்கொள்கின்றன என்பதன் காரியம். இரண்டும் தனித்தனி. ஆனால் சிதைவு வேகமாக நடக்கும்போது அந்தச் சூடே பொருளின் நிலையைக் கெடுத்துவிடுகிறது. பொலோனியம்-210 ஒரு கிராம் 140 வாட் வெப்பம் தரும். அரை கிராம் பொலோனியம் உள்ள ஒரு சின்னக் குப்பி தானாகவே 500 டிகிரிக்கு மேல் போகும். பொலோனியத்தின் உருகுநிலையோ 254 டிகிரிதான். 1970-ல் சோவியத் நாடு நிலாவுக்கு அனுப்பிய லூனோகோட் வண்டி, அங்கே இரண்டு வாரம் நீளும் இரவில் குளிரில் விறைத்துவிடாமல் இருக்க இந்தச் சூட்டைத்தான் நம்பியது.

நிலையான ஐசோடோப்பு ஒன்றுகூட இல்லாத தனிமங்கள் டெக்னீசியம், புரோமெத்தியம், அப்புறம் அணு எண் 84 முதல் 118 வரை உள்ளவை. மொத்தம் 37. பிஸ்மத் மிக மிக மெதுவாகத்தான் சிதைகிறது, அதனால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த 37-ல் கண்ணால் பார்க்கும் அளவுக்குத் திண்மமாகச் சேர்த்தவை 15. வாயு ஒன்று, ரேடான். மீதி 21 தனிமங்களைக் கண்ணுக்குத் தெரியும் அளவில் யாரும் சேர்த்ததே இல்லை. அந்த 21-ல் ஃபிரான்சியமும் அஸ்டட்டைனும் அடக்கம்.


நெல்லை நண்பன் எழுதியது:

சீசியத்தை விட்டுவிட்டீர்களே! சீசியம் கதிரியக்கத் தனிமம்தானே? செர்னோபில் அணு உலை விபத்து பற்றிய செய்திகளில் எல்லாம் சீசியம் சீசியம் என்றுதான் வரும். 28.5 டிகிரியில் உருகும் என்றால் நம் ஊர்க் கணக்கில் அதுதானே திரவக் கதிரியக்கத் தனிமம்?


ஸ்கேன் ரூம் எழுதியது:

நெல்லை நண்பரே, இங்கேதான் நிறையப் பேர் இடறி விழுகிறார்கள். பூமியில் இயற்கையாகக் கிடைக்கும் சீசியம் முழுவதும் சீசியம்-133. அது நிலையானது. செய்தியில் வருவது சீசியம்-137, அணு உலையில் யுரேனியம் பிளக்கும்போது பிறக்கும் ஐசோடோப்பு. 'கதிரியக்கத் தனிமம்' என்றால் அதன் எல்லா ஐசோடோப்புகளும் சிதைபவையாக இருக்க வேண்டும். 'கதிரியக்க ஐசோடோப்பு' என்றால் எந்தத் தனிமத்துக்கும் இருக்கலாம். ஹைட்ரஜனுக்கு டிரிட்டியம் இருக்கிறது, அது வாயு. புரோமின்-82 இருக்கிறது, அதைப் புரோமினாகச் சேர்த்தால் திரவம்தான். கேள்வியில் தனிமம் என்பதற்குப் பதில் ஐசோடோப்பு என்று கேட்டிருந்தால் விடையே மாறிவிடும்.

நான் ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவில் டெக்னீஷியன். தினமும் என் கையில் புழங்குவது டெக்னீசியம். உலோகமாக எடுத்தால் 2157 டிகிரியில்தான் உருகும் கெட்டியான திண்மம். ஆனால் நான் ஒரு நாளும் அதைத் திண்மமாகப் பார்த்ததில்லை. காலையில் வந்ததும் ஈயக் கவசத்துக்குள் இருக்கும் ஜெனரேட்டரில் (டெக்னீசியம் தரும் கருவியை அப்படித்தான் சொல்வோம்) உப்புநீர்க் குப்பியை ஒரு பக்கமும் வெற்றிடக் குப்பியை இன்னொரு பக்கமும் செருகுவோம். உள்ளே அலுமினாவில் மாலிப்டினம்-99 ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து பிறந்த டெக்னீசியம்-99எம் மட்டும் உப்புநீரோடு கரைந்து வரும். நாங்கள் அதைப் பால் கறப்பது என்றே சொல்வோம். குப்பியில் வருவது தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். அரை ஆயுள் 6 மணி நேரம்.

அயோடின்-131 பற்றியும் சொல்ல வேண்டும். அயோடின் அறை வெப்பநிலையில் திண்மம் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் அது லேசில் ஆவியாகும் திண்மம். அதனால் தைராய்டு நோயாளிக்குக் கொடுக்கும் கரைசலைக் காரத்தன்மையோடு வைத்திருப்பார்கள். குப்பி மூடியைப் புகை உறிஞ்சும் கூண்டுக்குள்தான் திறப்போம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் சீனியர் அக்கா ஒருவர், 'திண்மம்னு நினைச்சு மூஞ்சிய கிட்ட கொண்டு போகாதே' என்று சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. ஒரு பொருள் எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு எளிதாக அங்கிருந்து கிளம்பும் என்பதுதான் எங்கள் வேலையில் பாதுகாப்பின் முதல் பாடம்.

சீசியம்-137 பற்றிக் கேட்டதால் இதையும் எழுதுகிறேன். 1987-ல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவி ஒன்றைப் பழைய இரும்புக்காக உடைத்தார்கள். உள்ளே இருந்தது சீசியம் குளோரைடு, 93 கிராம். தூளாகும் உப்பு, தண்ணீரில் கரையும், இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. அழகாக இருக்கிறதே என்று வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பகிர்ந்துகொண்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள், 249 பேர் உடலிலோ உடைமையிலோ அது ஒட்டியிருந்தது. தில்லி மாயாபுரியில் 2010-ல் இதேபோல் பழைய இரும்புக் கடையில் பிரிக்கப்பட்டது கோபால்ட்-60. அங்கும் ஓர் உயிர் போனது. ஆனால் கோபால்ட் உலோகம், துண்டு துண்டாகத் தேடிப் பொறுக்க முடிந்தது. கோயானியாவிலோ தெருவையும் வீட்டையும் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது.


முல்லைக்கொடி எழுதியது:

ஒரு வரி விடைக்காக வந்தேன். இப்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

ஒரு சந்தேகம். யுரேனியம் திண்மம். அது சிதைந்து சிதைந்து ரேடியம் ஆகிறது, அதுவும் திண்மம். ரேடியம் சிதைந்தால் ரேடான், வாயு. அது சிதைந்தால் பொலோனியம், மறுபடி திண்மம். கடைசியில் ஈயம், திண்மம். நடுவில் இது ஒன்று மட்டும் ஏன் வாயு?


பழைய வாத்தியார் எழுதியது:

எங்கே நின்று கேட்க வேண்டுமோ அங்கேயே நின்று கேட்டிருக்கிறாய்.

ரேடியத்தின் அணுக்கருவில் 88 புரோட்டான்கள். ஆல்ஃபா துகள் ஒன்று வெளியேறும்போது இரண்டு போய் 86 ஆகிறது. 86 எலக்ட்ரான்கள் என்றால் ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான் இருக்கும் வரிசையில் அடுத்த இடம். வெளிக்கூடு நிறைந்திருக்கும். பக்கத்து அணுவோடு எலக்ட்ரானைப் பகிரவோ கொடுக்கவோ தேவை இல்லை. அதனால் அணுக்கள் ஒன்றையொன்று மிக லேசாகத்தான் இழுக்கும். மைனஸ் 62 டிகிரியிலேயே கொதித்துவிடும். 88 வெள்ளிநிற உலோகம், 84 உலோகம், இடையில் 86 மட்டும் காற்றைப்போல் இருப்பதற்குக் காரணம் இவ்வளவுதான். அதே அணுக்கருவின் வாரிசுதான், ஆனால் எலக்ட்ரான் எண்ணிக்கை மாறியதும் குணம் தலைகீழாகிவிட்டது.

இது வாயு என்று கண்டுபிடித்த கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1899-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரூதர்ஃபோர்ட், ஓவன்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் தோரியத்தின் கதிரியக்கத்தை அளந்துகொண்டிருந்தார்கள். யுரேனியத்தை அளந்தால் எண் ஆடாமல் நிற்கும். தோரியத்தை அளந்தால் ஏறி இறங்கும். காரணம் தேடியபோது, யாராவது கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் எண் மாறுவதைப் பார்த்தார்கள். அறையில் காற்று வீசினால் கதிரியக்கம் குறைகிறது! திண்மத்தின் கதிரியக்கத்தைக் காற்று எப்படி அடித்துக்கொண்டு போகும்? தோரியத்திலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி மிதக்கிறது, அதுவும் கதிரியக்கம் உள்ளது என்ற முடிவுக்கு ரூதர்ஃபோர்ட் வந்தது அதிலிருந்துதான். அந்தச் சமயத்தில் ஜெர்மனியில் டோர்ன் என்ற விஞ்ஞானி ரேடியத்திலிருந்து அதே மாதிரி வருவதைப் பார்த்தார்.

மிதப்பது நுண்ணிய தூசியா, வாயுவா என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1902-ல் ரூதர்ஃபோர்டும் அவரோடு வேலை செய்த சாடி என்ற விஞ்ஞானியும் அதைத் திரவக் காற்றில் முக்கிய செப்புச் சுருள் குழாய் வழியாக அனுப்பினார்கள். மறுமுனையில் அளவி அசையவே இல்லை. முழுதும் குழாய்க்குள் உறைந்து தங்கிவிட்டது. சுருளை வெளியே எடுத்துச் சூடேற விட்டார்கள். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை வந்ததும் அளவி விருட்டென்று எழுந்தது. குளிரில் உறைந்து சூட்டில் ஆவியாகிறது என்றால் அது வாயுதான். எடை போடவோ கண்ணால் பார்க்கவோ முடியாத அளவு, ஆனாலும் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் என் வகுப்பில் ஊசி விழுந்தாலும் கேட்கும்.


மணவாளக்குறிச்சி மைந்தன் எழுதியது:

தோரியம் என்று வந்துவிட்டதால் எங்கள் ஊர்ப் பக்கம் நின்று கொஞ்சம் எழுதுகிறேன்.

எங்கள் கடற்கரை மணலைக் கையில் அள்ளினால் கறுப்பாக மின்னும். கறுப்பு எல்லாம் இல்மனைட். சிவப்பாகத் தெரிவது கார்னெட். இவற்றுக்கு நடுவே தேன் நிறத்தில், மஞ்சளும் பழுப்புமாகக் கிடக்கும் குருணைதான் மோனசைட். தோரியம் இருப்பது அதில். இந்தியாவில் கிடைக்கும் மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். வெளியூர்க்காரர்கள் கறுப்பு மணல்தான் கதிரியக்கம் என்று நினைத்துக்கொள்வதால் இதைச் சொல்கிறேன்.

1909-ல் திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்த ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். தேடிக்கொண்டு எங்கள் ஊருக்கே வந்துவிட்டார்கள். அப்போது அவர்களுக்குத் தோரியம் தேவைப்பட்டது அணுசக்திக்கு இல்லை, விளக்குக்கு. ஐரோப்பாவின் வாயு விளக்குகளில் எரிந்த மேண்டில் என்பது 99 சதவீதம் தோரியம் ஆக்சைடு, ஒரு சதவீதம் சீரியம் ஆக்சைடு.

அதே மேண்டில்தான் நம் பெட்ரோமாக்ஸ் விளக்கிலும் இருந்தது. கோயில் கொடைக்கு என் தாத்தா விளக்கு கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். புது மேண்டில் ஒரு சின்னத் துணிப்பை. அதைக் குழாயில் நூலால் கட்டி, ஸ்பிரிட்டில் முதல்முறை எரிப்பார். துணி எரிந்துபோகும். வெள்ளை வெளேரென்று கூடு மட்டும் நிற்கும். அந்தக் கூடுதான் தோரியம் ஆக்சைடு. 3300 டிகிரிக்கு மேல் தாங்கும். ஆனால் விரல்பட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். விளக்கைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர் கல்லில் இடறினால் போச்சு, அன்றைக்கு இருட்டுதான்.

எங்கள் மணலிலிருந்து போன தோரியம் விளக்காகி எங்கள் தெருவுக்கே வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ஒரு சிலிர்ப்பு. இப்போது வாத்தியார் எழுதியதைப் படித்த பிறகு ஒரு கேள்வி. ரூதர்ஃபோர்ட் பார்த்த அந்த வாயு எங்கள் மணலிலிருந்தும் வரத்தானே வேண்டும்?


அணுப்பித்தன் எழுதியது:

வரும் அண்ணா. தோரியம் வரிசையில் வருவது ரேடான்-220, அதைத் தோரான் என்றும் சொல்வார்கள். அதன் அரை ஆயுள் 56 விநாடி. மணல் குருணைக்குள்ளிருந்து வெளியே வந்து நடக்க ஆரம்பிக்கும் முன்பே பெரும்பாலும் மறுபடி திண்மமாகிவிடும். அதனால் தரையை ஒட்டியே இருக்கும், தூரம் போகாது. யுரேனியம் வரிசையில் வரும் ரேடான்-222-க்கு 3.8 நாள் அவகாசம். அத்தனை நாளில் மண்ணுக்குள்ளிருந்து பாறை வெடிப்பு வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட முடியும். இரண்டும் ஒரே தனிமம், ஒரே வாயு. வேறுபாடு எவ்வளவு நேரம் உயிரோடிருக்கிறது என்பதில்தான்.


ரொறன்ரோ குமரன் எழுதியது:

வணக்கம். நாங்கள் யாழ்ப்பாணத்தில் படிக்கும்போது தனிமத்தை மூலகம் என்றும் கதிரியக்கத்தைக் கதிர்த்தொழிற்பாடு என்றும் படித்தோம். அதனால் என் எழுத்தில் அந்தச் சொற்கள் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரேடான் வீட்டுக்குள் வந்து உட்காரும் என்று தம்பி எழுதியது எங்கள் வீட்டில் நடந்தது. ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் என் அக்காவின் மகன் படிக்கிறதற்காக வந்து இருந்தான். குளிர்காலத்தில் கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்திருக்கும். வீட்டுக்குள் சூடான காற்று மேலே ஏற ஏற, கீழே நிலத்திலிருந்து காற்றை உறிஞ்சும். கொங்கிரீட் தரையின் வெடிப்பு, தண்ணீர் இறைக்கும் குழி, குழாய் போகும் ஓட்டை எல்லாம் அதற்கு வழி. நிறம் இல்லை, மணம் இல்லை. காற்றைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு பாரமான வாயு.

ஒரு தெரிந்தவர் சொல்லித்தான் பரிசோதனைப் பெட்டி வாங்கினேன். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பா. மின்சாரம் இல்லை, ஒலி இல்லை. உள்ளே ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு. ஆல்ஃபா துகள் அதில் விழுந்தால் கீறல் விழும். மூன்று மாதம் அவனுடைய கட்டிலுக்குப் பக்கத்து அலுமாரியில் வைத்துவிட்டு, டிசம்பர் தொடங்கி மார்ச்சில் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். அவர்கள் அந்தக் கீறல்களை எண்ணிச் சொன்ன அளவு, ஒரு கன மீட்டருக்கு 310 பெக்கரெல் (விநாடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரெல்). கனடாவில் 200-க்கு மேல் போனால் திருத்த வேலை செய்யச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 100 என்று வைத்திருக்கிறது.

ஆட்கள் வந்து தரையில் ஒரு துளை போட்டு, குழாய் இறக்கி, மின்விசிறி வைத்து, கொங்கிரீட்டுக்குக் கீழே இருக்கும் காற்றை வெளியே இழுத்துவிடும்படி செய்தார்கள். அரை நாள் வேலை. அதற்குப் பிறகு வைத்த டப்பாவில் 45. அந்தப் பிள்ளை ஒரு குளிர்காலம் முழுக்க அந்த அறையில் படுத்தான் என்பதை நினைத்தால் எனக்கு இப்பவும் மனம் ஆறவில்லை. பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் நம் சனம் ரொறன்ரோவில் எவ்வளவு பேர்! தயவுசெய்து ஒரு டப்பா வாங்கி வையுங்கள்.


முல்லைக்கொடி எழுதியது:

குமரன் அண்ணா, உங்கள் பதிவு மனதைத் தொட்டது. ஒன்று விளங்கவில்லை. ரேடான் எதோடும் சேராத வாயு என்றால், மூச்சில் உள்ளே போனாலும் அப்படியே வெளியே வந்துவிடாதா?


ஸ்கேன் ரூம் எழுதியது:

பெரும்பாலும் வந்துவிடும். தீங்கு செய்வது அதிகம் அதன் பிள்ளைகள்தான். அறைக் காற்றில் ரேடான் சிதையும்போது பிறக்கும் பொலோனியம்-218 திண்மம். தனி அணுவாகப் பிறந்ததும் பக்கத்தில் மிதக்கும் தூசியிலோ புகையிலோ ஒட்டிக்கொள்ளும். அதை இழுத்தால் மூச்சுக்குழாயின் சுவரில் படிந்துவிடும், வெளியே வராது. மூன்று நிமிட அரை ஆயுளில் அங்கேயே ஆல்ஃபா துகளை விடும். அப்புறம் ஈயம், பிஸ்மத் என்று போய் மறுபடியும் ஒரு பொலோனியம், மறுபடியும் ஒரு ஆல்ஃபா. தோலுக்கு வெளியே இருந்தால் ஆல்ஃபாவை ஒரு தாளே தடுத்துவிடும். உள்ளே செல்லுக்குப் பக்கத்தில் இருந்தால் தடுக்க ஒன்றும் இல்லை. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கத்துக்கு அடுத்த முக்கியக் காரணமாகப் பல நாடுகளில் ரேடானைச் சொல்கிறார்கள். வாயுவாக இருப்பதால் உள்ளே வருகிறது, திண்மமாக மாறுவதால் உள்ளேயே தங்குகிறது.

நம் ஊரில் நிலக்கீழ் அறையில் குடியிருப்பது அபூர்வம், ஜன்னலும் திறந்தே இருக்கும். அதனால் இவ்வளவு சேராது. ஏசி போட்டு எந்நேரமும் அடைத்து வைக்கும் தரைத்தள அறைகளில் இருப்பவர்கள் காலையில் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.


நெல்லை நண்பன் எழுதியது:

எல்லாம் சரி. தேர்வு அறையில் இந்தக் கதை எல்லாம் எழுத முடியாது. நான்கில் ஒன்றைக் கறுப்பாக்கியாக வேண்டும். முல்லை எதைக் கறுப்பாக்குவது?


பழைய வாத்தியார் எழுதியது:

அந்த நான்கு விடைதான் என்றால் ஃபிரான்சியம்தான், தம்பி. மற்ற மூன்றும் நிச்சயமாகத் தவறு, இது ஒன்றுதான் சரியாக இருக்க வாய்ப்புள்ளது. மதிப்பெண்ணை விட வேண்டாம். ஆனால் தேர்வாணையத்தின் தாளிலேயே இப்படி ஒரு கேள்வி வந்தால், தற்காலிக விடைக்குறிப்பு வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்க வழி இருக்கிறது. தெரிவிக்க வேண்டும். வழிகாட்டி எழுதுகிறவர்களுக்கும் கடிதம் போடலாம். நான் இரண்டு முறை போட்டிருக்கிறேன். ஒரு முறை அடுத்த பதிப்பில் திருத்தினார்கள்.


அணுப்பித்தன் எழுதியது:

திரவத்துக்கு இன்னொரு வேட்பாளர் உண்டு, ஐயா. 112-வது தனிமம் கோப்பர்னீசியம். 1996-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் முதலில் உருவாக்கினார்கள். தனிம வரிசையில் பாதரசத்துக்கு நேர் கீழே இருக்கிறது. 2019-ல் வந்த கணக்கீட்டின்படி அதன் உருகுநிலை ஏறத்தாழ 10 டிகிரி, கொதிநிலை ஏறத்தாழ 67 டிகிரி. அதாவது வேலூர் மே மாதத்திலும் திரவம்தான். அதே மாதிரி 118-வது ஒகனெசான் ரேடானுக்குக் கீழே இருந்தாலும் வாயுவாக இருக்காது, திண்மமாக இருக்கும் என்று கணக்கு சொல்கிறது. அவ்வளவு கனமான அணுக்கருவைச் சுற்றும் எலக்ட்ரான்களின் வேகம் மிக அதிகம். அதனால் குடும்பக் குணமே மாறிவிடுகிறது.

ஆனால் இவை எல்லாம் விரல் விட்டு எண்ணக்கூடிய அணுக்களாகத்தான் பிறந்திருக்கின்றன. ரஷ்யாவின் துப்னாவில், தங்கம் பூசிய உணர்விகளை வரிசையாக வைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மறுமுனையைக் குளிராகவும் வைத்து, கோப்பர்னீசியம் அணு எந்த இடத்தில் போய் ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். 2007-ல் வெளியான முடிவு இரண்டே அணுக்களை வைத்துச் சொன்னது. அது எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்று தெரிந்துகொள்ள அது போதுமாக இருந்தது. ஆனால் ஓர் அணு திரவமா என்று கேட்பதில் பொருள் இல்லை. உருகுவது, கொதிப்பது எல்லாம் கூட்டமாக இருக்கும்போது நடப்பவை.


முல்லைக்கொடி எழுதியது:

தம்பியின் வழிகாட்டியில் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதிவிட்டேன்: 'இதுவரை சேர்த்துப் பார்த்தவை 16. அதில் ரேடான் வாயு, மற்ற 15 திண்மம்.' அவன் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான். ரேடானைக் குளிர வைத்துத் திண்மமாக்கினால் என்ன நிறத்தில் இருக்கும்?


பழைய வாத்தியார் எழுதியது:

தம்பிக்கு என் வாழ்த்து. மைனஸ் 71 டிகிரியில் உறைந்துவிடும். உறைந்த ரேடான் தன் கதிரியக்கத்தாலேயே ஒளிரும். முதலில் மஞ்சள், இன்னும் குளிர்வித்துத் திரவக் காற்றின் வெப்பநிலைக்குக் கொண்டுபோனால் ஆரஞ்சும் சிவப்புமாக ஒளிரும்.

1910-ல் லண்டனில் ராம்சேயும் விட்லா-கிரேயும் அதை எடை போட்டபோது அவர்களிடம் இருந்தது ஒரு கன மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்காகவே தனித் தராசு செய்துகொண்டார்கள். தள்ளிப்போடவும் முடியாது. நான்கு நாள் கழித்து வந்து பார்த்தால் பாதி வாயு குழாயில் இருக்காது, கண்ணாடிச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத ஈயப் படலமாகப் படிந்திருக்கும்.